நீர்புகா பூட்ஸுக்குள் நனையும் காலுறை

உறைந்த ஏரியின் மேல் நாள் முழுவதும் தூண்டிலுடன் அமர்ந்திருக்கும் பழக்கமுள்ள வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “தண்ணீர் புகாது என்று எழுதியிருந்த பூட்ஸைத்தான் வாங்கினேன். பனிக்கட்டியில் துளையிடும்போது மேலே வழியும் தண்ணீர் கணுக்காலைக்கூட எட்டவில்லை. அப்படியும் மாலையில் கழற்றினால் காலுறை நனைந்திருக்கிறது, விரல்கள் மரத்துக் கிடக்கின்றன. பூட்ஸ் ஓட்டையா?” பெரும்பாலும் ஓட்டையாக இராது என்றே நினைக்கிறேன். அந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அதற்கு முன் குளிர் வரும் வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

பனிக்கட்டியின் மேல் அசையாமல் நிற்பவரின் கால் முக்கியமாக அடிப்பாகத்தின் வழியாகவே வெப்பத்தை இழக்கிறது. பனிக்கட்டி நல்ல வெப்பக் கடத்தி; அசையாத காற்றைவிட ஏறத்தாழ 90 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். உள்ளங்கால் 30 டிகிரி செல்சியஸிலும் பனிக்கட்டியின் மேற்பரப்பு −20 டிகிரியிலும் இருப்பதாகவும், இடையே 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள திண்ம ரப்பர் மட்டும் இருப்பதாகவும் கொண்டால், ஒரு காலிலிருந்து சுமார் 8 வாட் வெப்பம் வெளியேறும். அதன் மேல் 1 சென்டிமீட்டர் கம்பளி ஃபெல்ட்டை (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணியை) வைத்தால் இழப்பு 3 வாட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்த வேலையைச் செய்வது கம்பளி இழை அன்று. இழைகளுக்கிடையே அசைய முடியாமல் சிக்கிக்கொண்ட காற்று. உட்காரும் இடத்தில் காலடியில் ஒரு நுரைப்பாயோ பலகைத் துண்டோ போட்டுக்கொள்வது, விலை உயர்ந்த பூட்ஸ் தரும் பலனில் கணிசமான பங்கைச் செலவில்லாமல் தந்துவிடும்.

காலோ தானே உற்பத்தி செய்துகொள்ளும் வெப்பம் மிகக் குறைவு. பெரும்பகுதி இரத்தத்தின் வழியாகத்தான் வருகிறது. உடலின் நடுப்பகுதி குளிரத் தொடங்கியதும் மூளையையும் இதயத்தையும் காப்பதற்காகக் கைகால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. ஆகவே தொப்பியையும் மேலங்கியையும் அலட்சியம் செய்தவரின் விரல்களை எந்தப் பூட்ஸாலும் காப்பாற்ற முடியாது. சூடேற்றிக்கொள்வதாகச் சொல்லி ஒரு மிடறு மது அருந்துவது நேர்மாறான வேலை: தோலின் குழாய்கள் விரிவதால் கதகதப்பு போலத் தோன்றும், உடலோ வெப்பத்தைக் கூடுதலாக இழந்துகொண்டிருக்கும். மூன்று சோடி காலுறைகளைத் திணித்துக்கொள்வதும் இப்படித்தான். இறுக்கம் இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது, காற்றையும் பிதுக்கி வெளியேற்றிவிடுகிறது. விரல்களை உள்ளே தாராளமாக மடக்கி நீட்ட முடிய வேண்டும்; அதுதான் சரியான அளவு.

இனி வாசகரின் ஈரத்துக்கு வருவோம். உடலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்துள்ள இடங்களுள் உள்ளங்கால் ஒன்று. வியர்ப்பதாக நாம் உணராத வேளையிலும் தோலிலிருந்து நீராவி கசிந்துகொண்டே இருக்கும். இதைக் காண ஏரிக்குப் போக வேண்டியதில்லை. எடை பார்த்த காலுறை ஒன்றை அணிந்து, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கணுக்கால் வரை கட்டிக்கொண்டு ஓரிரு மணி நேரம் வீட்டுக்குள் நடமாடுங்கள்; பிறகு பையின் உட்புறத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, காலுறையைச் சமையலறைத் தராசில் மறுபடி வையுங்கள். எடை கூடியிருக்கும். கூடிய எடை முழுவதும் உங்களுடையதே.

பூட்ஸுக்குள் இந்த நீராவி எங்கே போகிறது என்பதுதான் எனக்கு அலுக்காத பகுதி. 30 டிகிரியில் காற்று தாங்கக்கூடிய நீராவியின் அழுத்தம் சுமார் 4.2 கிலோபாஸ்கல்; −20 டிகிரியில் அது வெறும் 0.1 கிலோபாஸ்கல். நாற்பது மடங்கு வேறுபாடு. தோலருகே செறிந்திருக்கும் நீராவியை இந்த வேறுபாடு ஃபெல்ட்டின் நுண்ணிடைவெளிகள் வழியாக வெளிப்புறத்தை நோக்கி இடைவிடாமல் தள்ளுகிறது. ஆனால் போகும் வழியெல்லாம் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வருகிறது. காலுறையையும் வெளி ரப்பரையும் கணக்கில் விட்டுவிட்டு, 10 மில்லிமீட்டர் ஃபெல்ட்டின் ஒரு முகம் 30 டிகிரியிலும் மறுமுகம் −20 டிகிரியிலும் இருப்பதாகக் கொண்டால், தோலிலிருந்து சரியாக 6 மில்லிமீட்டர் தொலைவில் சுழியம் டிகிரிக் கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டைக் கடக்கும் நீராவிக்கு நீராவியாகவே நீடிக்க வழியில்லை. இழைகளின் மேல் படிந்து உறைகிறது. நாள் முழுவதும் அணிந்த பூட்ஸின் ஃபெல்ட் உள்ளுறையைக் குளிரிலேயே உருவிப் பார்த்தால், பாதத்தைத் தொட்ட முகம் ஏறக்குறைய உலர்ந்தும், ரப்பரைத் தொட்ட முகம் பொடியுப்பைத் தூவியது போல வெளுத்தும் இருப்பதைக் காணலாம்.

அந்த வெண்பொடிதான் குளிரின் கூட்டாளி. காற்று இருந்த இடத்தை, அதைவிடப் பன்மடங்கு வெப்பம் கடத்தும் பனி பிடித்துக்கொள்கிறது. உள்ளுறை இன்னும் அதே தடிமன்தான், காப்போ மெலிந்துபோகிறது. காப்பு மெலியும்போது சுழியக் கோடு தோலை நோக்கி நகர்கிறது, பனி படியும் இடமும் அதனுடன் உள்ளே வருகிறது. மாலையில் சூடான அறைக்குள் நுழைந்ததும் அத்தனையும் உருகிக் காலுறையை நனைக்கும். நம் வாசகர் கண்ட ஈரம் அநேகமாக இதுதான்.

நீரைத் தடுத்து நீராவியை மட்டும் விடும் சவ்வு இதைத் தீர்க்காதா என்று கேட்கலாம். 1969இல் அமெரிக்கரான பாப் கோர் சூடான டெஃப்லான் கம்பியைச் சட்டென்று இழுத்ததில் கிடைத்த கோர்-டெக்ஸ் வகைச் சவ்வுகள் மிதமான குளிரில், நடப்பவரின் காலில், அழகாகவே வேலை செய்கின்றன. கடுங்குளிரில் சிக்கல் சவ்வில் இல்லை, அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. சவ்வு வெளியோரத்தில் தைக்கப்பட்டிருக்கிறது. நீராவி அங்கே சேர்வதற்கு முன்பே பாதி வழியில் உறைந்துவிடுகிறது. கதவு திறந்திருந்தும் விருந்தாளி வழியிலேயே படுத்துவிட்டால் என்ன செய்வது?

இந்தப் பாடத்தை உலகம் மிகக் கொடூரமாகக் கற்றது. 1950ஆம் ஆண்டு இறுதியில், கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில், −30 டிகிரியைத் தாண்டிய குளிரில் அமெரிக்கப் படையினர் ரப்பர் அடியும் தோல் மேற்பகுதியும் கொண்ட ‘ஷூபேக்’ அணிந்து போரிட்டனர். நடக்கும்போது வியர்த்த கால், நின்றதும் பூட்ஸுக்குள்ளேயே உறைந்தது. ஆயிரக்கணக்கானோர் உறைகடியால் (கடுங்குளிரில் சதை உறைந்து சேதமடைவதால்) பாதிக்கப்பட்டனர். அதன் பின் பயன்பாட்டுக்கு வந்த பூட்ஸ் பிரச்சினையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. கம்பளிக் காப்பை இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கிடையே காற்றுப்புகாமல் அடைத்துவிட்டார்கள். கால் வியர்க்கட்டும், காலுறை நனையட்டும். ஈரம் காப்புக்குள் போகாதவரை அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். உள்ளே காற்று ஈரத்தால் நிறைவுற்றதும் ஆவியாதலும் நின்றுவிடுவதால், ஒவ்வொரு கிராம் வியர்வையும் ஆவியாகும்போது பறிக்கும் சுமார் 2,400 ஜூல் வெப்பமும் மிச்சமாகிறது. ‘மிக்கி மவுஸ்’ என்று வீரர்கள் பெயரிட்ட கறுப்பு பூட்ஸுக்கு −29 டிகிரியும், ‘பன்னி’ (ஆங்கிலத்தில் முயல்) எனப்பட்ட வெள்ளை பூட்ஸுக்கு −54 டிகிரியும் எல்லையாகக் குறிக்கப்பட்டன. விமானத்தில் உயரம் செல்லும்போது அடைபட்ட காற்று விரிந்து ரப்பரைப் பிளந்துவிடாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு சிறு வால்வுகூட உண்டு. இன்றும் பனிக்கட்டியில் மீன்பிடிப்பவர்கள் சிலர் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். சாதாரணக் காலணியைப் பற்றிய ஆய்வுக்குப் பணம் கிடைக்கப் படைவீரர்களின் விரல்கள் போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கட்டுமானத் தொழிலாளியும் மீனவரும் அதே குளிரில்தான் நிற்கிறார்கள்.

ஆய்வகம் இல்லாமலே இதைப் புரிந்துகொண்டவர்களும் உண்டு. ரஷ்யர்களின் ‘வாலெங்கி’ முழுக்க ஃபெல்ட்டால் ஆனது. உலர்பனியில் அப்படியே அணிவார்கள், ஈரம் தட்டுப்படும் நாளில் மட்டும் மேலே ரப்பர் உறை மாட்டுவார்கள். ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் பெண்கள் கடல்நாய்த் தோலில் தைக்கும் ‘காமிக்’கில் தையல் நூல் விலங்கின் தசைநாண், நனைந்ததும் அது உப்பி ஊசித்துளையைத் தானே அடைத்துக்கொள்ளும்.

வாங்கப் போகும்போது, கழற்றி உலர்த்தக்கூடிய தனி உள்ளுறை இருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். ‘800 கிராம்’, ‘1000 கிராம்’ என்ற எண்கள் காப்புத் துணியின் ஒரு சதுர மீட்டர் எடையைக் குறிப்பவை. மேற்பகுதியில் ஆயிரம் இருந்தும் அடியில் மெல்லிய அட்டை மட்டும் இருக்கலாம், ஆகவே அடித்தடிமனைக் கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும். நீர்புகாத ரப்பர் கணுக்காலுக்கு நன்கு மேலே வரை ஏற வேண்டும். ஏனெனில் கனத்த வெண்பனி, ஏரியின் பனித்தட்டை அழுத்தும்போது விரிசல் வழியே நீர் மேலேறி, வெண்பனிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத பனிச்சேறாகத் தேங்கி நிற்கும். ஏரிக்குப் போகும்வரை மெல்லிய காலுறையுடன் நடந்து, உட்காரும் முன் உலர்ந்த கம்பளிக் காலுறைக்கு மாறுவது நல்லது. உள்ளுறையை இரவில் வெளியே எடுத்து உலர்த்த வேண்டும்; ஆனால் அடுப்பின் மேல் அன்று.

ஓட்டைச் சந்தேகத்தை வாசகர் வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம். உள்ளுறையை எடுத்துவிட்டு, வெறும் பூட்ஸுக்குள் நாளிதழ்த் தாளைத் திணித்து, அதன் மேல் ஒரு கல்லை வைத்து, வாளித் தண்ணீரில் கணுக்கால் உயரத்துக்கு அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். தாள் நனைந்திருந்தால் ரசீதைத் தேடுங்கள். உலர்ந்தே வந்தால் இரண்டாம் சோடி உள்ளுறை ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, நண்பகலில் மாற்றிக்கொள்ளுங்கள்.