மயக்க மருந்துக்கு முன் பேசப்படுவதும் மருத்துவமே

வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 97 பேரை வைத்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வை, மயக்கவியல் மருத்துவர் எக்பர்ட்டும் அவருடைய குழுவினரும் 1964-ல் வெளியிட்டனர். ஒரு பிரிவினரிடம் மட்டும் முதல் நாள் இரவே, கண்விழித்தபின் எங்கே வலிக்கும், எவ்வளவு கடுமையாக இருக்கும், தையலுக்கு அடியிலுள்ள தசைகள் இறுகுவதால் அது எப்படிக் கூடுகிறது, உடலைத் தளர்த்தியும் பக்கவாட்டில் புரண்டும் அதை எப்படிக் குறைக்கலாம் என்றெல்லாம் மருத்துவர் விளக்கினார். தாங்க முடியாவிட்டால் மருந்து கேட்கலாம் என்றும் சொன்னார். அவர்களுக்குப் போதைசார் வலிநிவாரணி ஏறத்தாழப் பாதியளவே தேவைப்பட்டது. யார் எந்தப் பிரிவு என்பதை அறியாத அறுவை மருத்துவர்கள், அவர்களைச் சராசரியாக 2.7 நாட்கள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினர்.

காரணம் தெரியாத வலி, உள்ளே ஏதோ கெட்டுவிட்டது என்ற பயத்தைக் கிளப்புகிறது. பயம் தசைகளை இறுக்க, வலி மேலும் ஏறுகிறது. இது வரும், இதனால் ஆபத்தில்லை என்று முன்பே கேட்டிருப்பவரிடம் அந்தச் சுழல் தொடங்குவதற்கே இடம் குறைவு. அதனால்தான் இந்தப் பேச்சை வெறும் மரியாதையாகக் கருதாமல், சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

வெறும் வயிற்றோடு வரச் சொல்வதிலும் காரணத்தை விளக்குவது உயிர் காக்கும். மயக்க நிலையில் இருமலும் விழுங்கும் அனிச்சையும் அடங்கிவிடுவதால், இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். அதிலுள்ள அமிலம் நுரையீரலைப் புண்ணாக்கும். ஆகவே பொதுவாக, லேசான உணவை 6 மணி நேரம் முன்பும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்கிறார்கள். எண்ணெயில் பொரித்தவற்றுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். "எதுவும் சாப்பிடாதீர்கள்" என்று மட்டும் கேட்டவர், காலையில் ஒரு டம்ளர் பால் காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாலோ இரைப்பைக்குள் திரிந்து கட்டியாகிவிடுவதால், உணவாகவே கணக்கிடப்படுகிறது.

"புரிந்ததா?" என்று கேட்டால் பெரும்பாலோர் தலையாட்டிவிடுவார்கள். "நாளைக் காலை எழுந்ததும் என்ன குடிப்பீர்கள், எத்தனை மணிக்கு?" என்று கேட்டால்தான் அந்தக் காபி வெளியே வரும். சொன்னதை நோயாளியின் வாயாலேயே திரும்பக் கேட்கும் இந்த முறைக்குச் சில நிமிடங்கள் போதும். தவறிக் குடித்துவிட்டவர் அதை மறைக்காமல் சொன்னால், அவசரமில்லாத அறுவைச் சிகிச்சையைச் சில மணி நேரம் தள்ளிவைக்கலாம். சொன்னதற்காக யாரும் திட்டமாட்டார்கள் என்பதையும் முதல் நாளே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.