‘ஷல்’ என்று இருக்கிறதே என நம்பிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்

வாடகை ஒப்பந்தமோ கட்டுமான ஒப்பந்தமோ, ஆங்கிலத்தில் இருந்தால் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ‘ஷல்’ என்ற சொல் கண்ணில் படும். பள்ளியில் ‘ஐ ஷல், யூ வில்’ என்று மனப்பாடம் செய்தோமே, அதே ஷல்தான். அதைப் பார்த்ததும் வக்கீலிடம் வரும் கட்சிக்காரர்கள் பலருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. “ஷல்னு போட்டிருக்கு சார், செஞ்சுதானே ஆகணும்?” என்பார்கள். அப்படி நேராகப் பதில் சொல்லிவிட முடியாது என்பதுதான் வக்கீல் தொழிலில் இருப்பவர்களின் தலைவலி.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் மூலத்துக்குக் கடன்பட்டிருப்பது என்று பொருள். ஜெர்மன் மொழியில் கடனையும் குற்றத்தையும் குறிக்கிற ‘ஷுல்ட்’ இதற்குச் சொந்தக்காரச் சொல். கடன் கடமையானது, பிறகு வெறும் எதிர்காலத்தைக் காட்டவும் அதையே பயன்படுத்தினார்கள். 1653இல் ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில், எதிர்காலத்தைச் சொல்லத் தன்மைக்கு ஷல், மற்ற இடங்களுக்கு வில் என்று விதி வகுத்தார். நம் பள்ளிக்கூடம் வரை வந்தது அந்த விதிதான். இன்று பேச்சில் இந்தச் சொல்லுக்கு அவ்வளவாக வேலையில்லை. சட்டத்தில் மட்டும் ஓய்வே கிடையாது.

ஒரு சாதாரண வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். ‘வாடகைதாரர் மாதம் 5ஆம் தேதிக்குள் வாடகை செலுத்த வேண்டும்’ என்பதில் ஷல், கடமை. ‘உள்வாடகைக்கு விடக்கூடாது’ என்பதில் அதே ஷல், தடை. ‘ஒரு வண்டி நிறுத்த உரிமை உண்டு’ என்பதிலும் ஷல்தான், இங்கே அது உரிமை. ‘இந்த ஒப்பந்தம் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வரும்’ என்ற இடத்தில் யாருக்கும் கடமையே இல்லை, வெறும் அறிவிப்பு. ‘வாடகைதாரர் தவறினால்’ என்பதிலும் பழைய பாணியில் எழுதுகிறவர்கள் ஒரு ஷல்லைச் சேர்த்துவிடுவார்கள். அது நிபந்தனை. நம் அரசியலமைப்பில்கூட முதல் பிரிவில் இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்று அறிவிப்பதும் ஷல், 14ஆவது பிரிவில் சமத்துவத்தை மறுக்கக்கூடாது என்று அரசைக் கட்டிப்போடுவதும் ஷல்.

சரி, கடமை என்று தெளிவாகத் தெரிகிற இடத்திலாவது அது கட்டாயமா? அதுவும் உறுதியில்லை. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 320ஆவது பிரிவு சொல்கிறது. அங்கே இருப்பது ஷல். ஆலோசிக்காமல் விட்டதாலேயே நடவடிக்கை செல்லாமல் போகாது என்று 1957இல் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரப்பிரதேச வழக்கில் தீர்ப்பளித்தது. சட்ட மொழியில் இதற்கு ‘டைரக்டரி’ என்று பெயர். நல்ல வழிகாட்டுதல், மீறினாலும் குடி முழுகாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றம் எதைப் பார்க்கிறது? சட்டத்தின் நோக்கம், வாசகம் என்று பலதையும் பார்க்கும். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறதா? இதற்கு நல்ல உதாரணம் எதிருரை, அதாவது வழக்குக்குப் பிரதிவாதி எழுத்தில் தரும் பதில். சாதாரண சிவில் வழக்கில் சம்மன் கிடைத்து 30 நாளில், அதிகபட்சம் 90 நாளில் பிரதிவாதி எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். இருப்பது ஷல்தான். ஆனாலும் தக்க காரணம் இருந்தால் 90 நாளுக்குப் பிறகும் நீதிமன்றம் ஏற்கலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வணிக வழக்குகளில் கதை வேறு. 120 நாள் தாண்டினால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும், நீதிமன்றமும் அதை ஏற்கக்கூடாது என்று விளைவையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள். ஆகவே அது கட்டாயம் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. நுகர்வோர் வழக்கில் எதிர்த்தரப்புக்கு 30 நாளும் அதற்குமேல் 15 நாளும்தான் என்று 2020இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடித்துவைத்தது. சிறிய கடைக்காரர்கள் நுகர்வோர் ஆணைய நோட்டீஸை மேஜையில் போட்டு வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து வருகிறார்கள். ‘சிவில் கேஸில் டைம் தருவாங்களே’ என்ற நினைப்பு இங்கே எடுபடாது.

இந்தச் சொல்லுக்கும் தமிழ்நாட்டு அரசியலுக்கும்கூடத் தொடர்பு உண்டு. 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில், இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்‘படலாம்’ என்ற பொருளில் ‘மே’ என்று எழுதியிருந்தார்கள். ‘மே’ என்றாலும் ஷல் என்றாலும் ஒன்றுதான் என்றார் நேரு. ஒன்றுதான் என்றால் ஷல் என்றே எழுதிவிட வேண்டியதுதானே என்று தி.மு.க. திருப்பிக் கேட்டது. ஒரு வக்கீலாகச் சொல்கிறேன், அதைவிடச் சரியான குறுக்குக் கேள்வி கிடையாது. 1967ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகும் அந்த முதன்மை வாசகத்தில் ‘மே’தான் இருக்கிறது. ஆனால் இந்தியை ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலம் என்ற இடத்தில் ஷல் வந்துவிட்டது.

தனியார் ஒப்பந்தங்களில் நான் அடிக்கடி பார்க்கும் பொறி இரண்டு. கூட்டாண்மைப் பத்திரத்தில், தகராறு வந்தால் ‘ஆர்பிட்ரேஷனுக்கு (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் வைத்துத் தீர்ப்பது) அனுப்பப்பட வேண்டும், தரப்பினர் அப்படித் தீர்மானித்தால்’ என்று எழுதுவார்கள். முன்பாதியில் ஷல் கம்பீரமாக நிற்கும், பின்பாதி அதன் காலை வாரிவிடும். இப்படிப்பட்ட ஷரத்து ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தமே ஆகாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகும் அதே வாசகத்தைப் பழைய ஃபைலிலிருந்து அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, அடுக்குமாடி வீடு. ‘பில்டர் ஷல் எண்டெவர்’ என்று இருந்தால், குறித்த காலத்தில் வீட்டைத் தர ‘முயல’ வேண்டும் என்பது மட்டுமே அவர் கடமை. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 18ஆவது பிரிவில் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்க உரிமை இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு முதலில் பார்ப்பது ஒப்பந்தத்தில் குறித்த தேதியைத்தான். எனவே ‘எண்டெவர்’ என்பதை அடிக்கச் சொல்லுங்கள், தேதியை எண்ணால் எழுதச் சொல்லுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு, கடமை வரும் இடங்களில் ‘மஸ்ட்’ என்றே எழுதியிருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி சிவில் நடைமுறை விதிகளைத் திருத்தி எழுதியபோது 2007இல் ஷல்லை எடுத்துவிட்டார்கள். நானும் என் வரைவுகளில் முடிந்தவரை மஸ்ட், மே என்று பிரித்தே எழுதுகிறேன். சில சீனியர்களுக்கு அது பிடிப்பதில்லை, பத்திரத்தின் மிடுக்கு குறைந்துவிடுகிறதாம்.

உங்கள் கைக்கு வரைவு வந்தால் ஒரு பென்சிலை எடுத்து ஒவ்வொரு ஷல்லையும் வட்டமிடுங்கள். யார் செய்ய வேண்டும், எப்போதைக்குள், செய்யாவிட்டால் என்ன என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்த ஷரத்தைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது என்றாலும் இரு தரப்பும் சம்மதித்தால் துணை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். மூல ஒப்பந்தம் பதிவானது என்றால் இதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.