மெத்தட் இல்லாத டைப் கிளாஸ் எதற்கு?

ஒரு கோடி எண்களைக் கூட்ட வேண்டும், கணினியில் எட்டு கோர்கள் (ஒரே நேரத்தில் இயங்கும் செயலிப் பகுதிகள்) இருக்கின்றன. பட்டியலை எட்டாக வெட்டி, தனித்தனியே கூட்டி, விடைகளை அதே வரிசையில் இணைக்க, (க + ச) + ட, க + (ச + ட) இரண்டும் ஒன்றே என்ற சேர்ப்புப் பண்பு போதும். எந்தக் கோர் முதலில் முடிக்கிறதோ அதன் விடையை அப்போதே இணைத்துக்கொள்ள நினைத்தால் அது போதாது. க + ச, ச + க இரண்டும் ஒன்றே என்ற பரிமாற்றுப் பண்பும் வேண்டும்.

ஹாஸ்கெல் என்ற நிரல் மொழியில், ஒரு டைப்புக்கு என்னென்ன செயல்கள் (மெத்தட்), விதிகள் உண்டு என்று சொல்வது டைப் கிளாஸ். சேர்ப்புப் பண்பைச் சொல்ல அங்கே செமிகுரூப் என்ற கிளாஸ் உண்டு. கூட்டலில் 0 போல, சேர்த்தாலும் விடையை மாற்றாத சமனி உறுப்பும் சேர்ந்தால் மோனாய்டு. பரிமாற்றுப் பண்புக்கு அடிப்படை நூலகத்தில் டைப் கிளாஸ் கிடையாது. நாமே எழுதலாம், ஒரே வரிதான்: செமிகுரூப்பை சூப்பர்கிளாஸாக, அதாவது முன்நிபந்தனையாக, வைத்து ‘பரிமாற்று’ என்று ஒரு கிளாஸை அறிவித்து, உள்ளே எதுவும் எழுதாமல் விட்டுவிட வேண்டும். புதிய செயல் எதுவும் தேவையில்லை, செமிகுரூப்பின் செயலே போதும். கூடுவது ஒரு விதி மட்டுமே.

அந்த வெற்று கிளாஸின் பயன் ஃபங்ஷனின் டைப்பில் தெரியும். வந்த வரிசையில் இணைக்கும் ஃபங்ஷனுக்கு மோனாய்டு, பரிமாற்று இரண்டையும் நிபந்தனையாக வைத்தால், எண்களைக் கூட்டலால் இணைக்கச் சொல்லும் ‘சம்’ உறையை, அதற்கு இன்ஸ்டன்ஸ் (இந்த டைப் இந்தக் கிளாஸைச் சேர்ந்தது என்ற அறிவிப்பு) எழுதியிருந்தால், அது ஏற்கும். சரத்தைக் கொடுத்தால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். சரங்களை ஒட்டுவதில் சேர்ப்புப் பண்பு உண்டு, பரிமாற்று இல்லை. பெருக்கல், மீச்சிறு, மீப்பெரு, கண ஒன்றிப்பு ஆகியவற்றுக்குத் தயங்காமல் இன்ஸ்டன்ஸ் எழுதலாம். இரு உறுப்புகளும் பரிமாற்று என்றால் அவற்றின் ஜோடியும் பரிமாற்றுதான்.

சாவிக்கு மதிப்பைப் பொருத்தி வைக்கும் மேப்பில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒரே சாவி இரண்டு மேப்பிலும் இருந்தால், ஹாஸ்கெலின் வழக்கமான ஒன்றிப்பு இடப்பக்க மதிப்பை வைத்துக்கொண்டு வலப்பக்கத்தை எறிந்துவிடும். மதிப்புகள் ‘சம்’ வகையாக இருந்தாலும் இதே கதைதான், அவை கூட்டப்படுவதே இல்லை. தனியாக ஒரு நியூடைப் உறை (இருக்கும் டைப்பைச் சுற்றிய புது டைப்) போட்டு, மோதும் மதிப்புகளை அவற்றின் செமிகுரூப் செயலால் இணைக்கச் சொல்ல வேண்டும். மதிப்பின் டைப் பரிமாற்றாக இருந்தால் மட்டுமே அந்த உறைக்கும் பரிமாற்று இன்ஸ்டன்ஸ் கொடுக்கலாம்.

மறுபக்கமும் உண்டு: பரிமாற்று இருந்து, சேர்ப்பு இல்லாதவை. இரண்டு எண்களின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2, 4, 9 என்ற எண்களை இடமிருந்து இணைத்தால் 6, வலமிருந்து இணைத்தால் 4.25. உண்மையான சராசரியோ 5. இதற்கு செமிகுரூப் இன்ஸ்டன்ஸே எழுதக்கூடாது. கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் ஜோடியாகச் சுமந்து, கடைசியில் ஒருமுறை வகுப்பதே சரி. மிதவைப்புள்ளி எண்களிலும் இதே சிக்கல் மறைந்திருக்கிறது. 0.1 + 0.2 முதலில் நடந்து 0.3 சேர்ந்தால் 0.6000000000000001, 0.2 + 0.3 முதலில் நடந்தால் 0.6. இங்கே பரிமாற்று உடையவில்லை, சேர்ப்புதான் உடைகிறது. ஆனாலும் ஓட்டத்துக்கு ஓட்டம் கடைசி இலக்கம் மாறக்கூடும் என்பதால், விடை இம்மி பிசகாமல் வர வேண்டிய இடத்தில் முழு எண்களையோ பின்னங்களையோ பயன்படுத்துங்கள்.

விதி உண்மையா என்று ஹாஸ்கெல் கம்பைலர் பார்ப்பதில்லை. இன்ஸ்டன்ஸ் எழுதுபவரின் சொல்லை அப்படியே நம்புகிறது. அக்டா, இட்ரிஸ் போன்ற மொழிகளில் விதியின் நிரூபணத்தையே கிளாஸின் ஓர் உறுப்பாகக் கேட்கலாம். ஹாஸ்கெலில் குயிக்செக் என்ற சோதனை நூலகத்தைக் கொண்டு சோதிக்க வேண்டும். வழக்கமாக அது 100 தற்செயல் உள்ளீடுகளை முயன்று பார்க்கும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஹாஸ்கெலை உடனுக்குடன் இயக்கிப் பார்க்கும் ஜிஎச்சிஐயில் டைப்பைக் குறிப்பிடாமல் ‘இரண்டு லிஸ்ட்களை எப்படி ஒட்டினாலும் ஒன்றே’ என்ற பொய்யான விதியைச் சோதித்துப் பாருங்கள். 100 சோதனைகளும் தேறிவிடும்! உறுப்பின் டைப் தெரியாததால் ஜிஎச்சிஐ யூனிட் டைப்பை எடுத்துக்கொள்கிறது. யூனிட்டுக்கு ஒரே ஒரு மதிப்புதான். எனவே லிஸ்ட்டின் நீளத்தைத் தவிர வேறெந்த வேறுபாடும் தெரியாது, நீளமோ எந்தப் பக்கம் ஒட்டினாலும் ஒன்றுதான். உறுப்பு முழு எண் என்று டைப்பை எழுதிவிட்டால், சில உள்ளீடுகளுக்குள்ளேயே அந்த விதி பொய் என்று தெரிந்துவிடும்.