செப்சிஸ்: முதலில் மூச்சை எண்ணுங்கள்

வார்டில் படுத்திருக்கும் ஒரு நோயாளியின் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். நாடித்துடிப்பு 88, 104, 118 என்று ஏறியிருக்கும். மூச்சு எண்ணிக்கை மட்டும் காலையில் 18, மதியம் 18, இரவிலும் 18. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். நாடியையும் ரத்த அழுத்தத்தையும் கருவி சொல்லிவிடும். மூச்சை எண்ண, ஒருவர் முழுதாக ஒரு நிமிடம் கட்டிலருகே நின்று மார்பு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். செப்சிஸ் நழுவிப்போகும் முதல் இடம் இது.

நுரையீரலிலோ சிறுநீர்ப்பாதையிலோ தொற்று ஏற்பட்டதும் உடல் அதை எதிர்க்கக் கிளம்புகிறது. அந்த எதிர்ப்பே கட்டுமீறித் தன் உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் நிலைதான் செப்சிஸ். ரத்த நாளங்கள் தளர்ந்து விரிகின்றன. அவற்றின் சுவர் வழியே நீர் கசிகிறது. திசுக்களுக்கு ஆக்சிஜன் சரியாகப் போய்ச் சேராமல், லாக்டேட் என்ற பொருள் பெருகி, ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது. அதை ஈடுகட்டக் கரியமில வாயுவை வேகமாக வெளியேற்ற வேண்டியிருப்பதும் மூச்சு விரைவதற்கு ஒரு காரணம். இதயமும் வேகமாகத் துடித்து ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கப் பார்க்கிறது. அழுத்தம் விழும் வரை காத்திருப்பவர்கள், உடல் தோற்கத் தொடங்கிய பிறகே விழித்துக்கொள்கிறார்கள்.

2017இல் மட்டும் உலகில் சுமார் 4.89 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்கிறது லான்செட் இதழில் வெளியான மதிப்பீடு. அந்த ஆண்டு நிகழ்ந்த மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று.

சிகிச்சையில் அரிய மருந்து எதுவும் இல்லை. கிருமியை அடையாளம் காண முதலில் ரத்த மாதிரி எடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக் உள்ளே போய்விட்டால் கிருமி ஆய்வகத்தில் வளராமல் போகலாம். உடனே ஆன்டிபயாடிக், லாக்டேட் பரிசோதனை, நரம்பு வழியே திரவம். அப்படியும் அழுத்தம் ஏறாவிட்டால், ரத்த நாளங்களைச் சுருக்கும் நார்அட்ரினலின் மருந்து. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் மணிக்கணக்கில் தாமதமாகிறது. செவிலியர் இளம் மருத்துவருக்குச் சொல்லி, அவர் மூத்தவரைக் கேட்டு, மருந்துச் சீட்டு மருந்தகத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் பொழுது கரைந்துவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் யார்மீதும் குற்றமில்லை. அதனால்தான் ஆட்களைக் கடிந்துகொள்வதை விட்டுவிட்டு ஏற்பாட்டை மாற்ற வேண்டும் என்கிறேன்.

ஒரு சிறுவனின் மரணத்துக்குப் பின், 2013இல் நியூயார்க் மாநிலம் இதைச் செய்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் செப்சிஸுக்கென்று வகுத்த நடைமுறையைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று விதி வந்தது. அங்குள்ள 149 மருத்துவமனைகளின் சுமார் 49,000 நோயாளிகளை ஆராய்ந்த முடிவுகள் 2017இல் வெளியாயின. ஆன்டிபயாடிக் கொடுப்பது தள்ளிப்போன ஒவ்வொரு மணி நேரமும் மரண அபாயத்தைச் சுமார் 4 சதவீதம் கூட்டியிருந்தது.

பிரிட்டனில் மூச்சு, நாடி, உணர்வுநிலை போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினால் மூத்த மருத்துவரை அழைத்தாக வேண்டும். அந்த எண்ணைத் தொட்டதுமே ரத்தம் எடுக்கும் அதிகாரமும் செவிலியருக்கு இருந்தால் இன்னும் நேரம் மிச்சமாகும். இந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைத்துவிடலாம் என்று அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு எச்சரிக்கை மென்பொருளை ஒரு பெரிய மருத்துவமனையில் சோதித்தபோது, செப்சிஸ் நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டிருந்தது 2021இல் தெரியவந்தது.

எல்லாக் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொட்டுவதும் தீர்வாகாது; மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் பெருகும். ரத்த அழுத்தம் அபாயகரமாக விழும் அதிர்ச்சி நிலை இல்லாமல், செப்சிஸ்தானா என்ற ஐயமும் இருந்தால், மூன்று மணி நேரத்துக்குள் விரைந்து ஆராய்ந்து முடிவெடுக்க செப்சிஸ் சிகிச்சைக்கான 2021 சர்வதேச வழிகாட்டுதல் இடம் தந்தது.

முதியவர்களுக்குச் சில நேரம் காய்ச்சலே இருக்காது. திடீர்க் குழப்பம்தான் முதல் அறிகுறியாக இருக்கும். அதைக் குடும்பத்தார்தான் முதலில் கவனிப்பார்கள். 13 வயது மார்த்தா மில்ஸ் 2021இல் செப்சிஸால் இறந்தாள். அவள் பெயரால் 2024 முதல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் ஒரு விதி படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்தார் அஞ்சினால், எந்த நேரத்திலும் வேறொரு மருத்துவக் குழுவை நேரடியாக அழைத்துப் பார்க்கச் சொல்லலாம்.