தடுப்பூசி ஆய்வும் 0.04 என்ற எண்ணும்

எச்.ஐ.வி. தடுப்பூசி ஒன்று முதல்முறையாகப் பலன் காட்டியிருக்கிறது என்று 2009 செப்டம்பரில் தாய்லாந்திலிருந்து செய்தி வந்தது. ஆர்.வி.144 எனப்படும் அந்த ஆய்வில் 16,402 பேர் பங்கேற்றார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குத் தடுப்பூசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி ஊசி. கடைசியில் தடுப்பூசிக் குழுவில் 51 பேருக்கும் போலி ஊசிக் குழுவில் 74 பேருக்கும் தொற்று. அதாவது 31 சதவீதம் குறைவு. புள்ளியியல் கணக்கு தந்த பி-மதிப்பு (p-value) 0.04.

"அப்படியானால் தடுப்பூசி வேலை செய்ய 96 சதவீதம் வாய்ப்பு" என்று இதைப் படிப்பவர்கள் நிறைய. அது தவறு. தடுப்பூசியால் ஒரு பயனும் இல்லை என்று முதலில் வைத்துக்கொண்டுதான் கணக்கே தொடங்குகிறது. இன்மைக் கருதுகோள் என்பது இதுதான். பயனே இல்லையென்றால் 125 தொற்றுகளும் இரு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாகப் பிரிய வேண்டும். ஆனாலும் தற்செயலாகக் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். 51-க்கு 74 என்ற அளவுக்கோ அதற்கு மேலோ விலகுவது எவ்வளவு அடிக்கடி நடக்கும்? நூற்றுக்கு நான்கு தடவை. 0.04 சொல்வது இவ்வளவுதான்.

தடுப்பூசி உண்மையில் வேலை செய்கிறதா என்று எடைபோட, ஆய்வுக்கு வெளியே தெரிந்ததையும் சேர்க்க வேண்டும். இந்தக் கூட்டு ஊசியின் ஒரு பகுதியான எய்ட்ஸ்வாக்ஸ், தனியாகச் சோதித்தபோது 2003-இல் தோற்றிருந்தது. அதை மறந்துவிட்டு 0.04-ஐ மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் இன்னொரு சிக்கல். சேர்ந்தபோதே தொற்று இருந்ததாகப் பின்னால் தெரியவந்த 7 பேரை நீக்கிய கணக்கு அது. அவர்களையும் சேர்த்தால் 56-க்கு 76, பி-மதிப்பு 0.08 ஆகிவிடுகிறது. பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால்தான் ஆதாரம் போதும் என்று ஏற்பது வழக்கம். அந்தக் கோட்டுக்கு ஒன்று இந்தப் பக்கம், மற்றொன்று அந்தப் பக்கம். ஏழே பேரால் ஒரு தடுப்பூசி பயனுள்ளதிலிருந்து பயனற்றதாக மாறிவிடுமா? மாறாது. 0.05-க்குக் கீழே வராத முடிவுக்கு "பயனில்லை என்று நிரூபணமானது" என்று பொருளே கிடையாது. பயன் உண்டு என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதவில்லை, அவ்வளவே.

என்னைக் கேட்டால், பி-மதிப்பைவிட நம்பிக்கை இடைவெளிதான், அதாவது உண்மையான பயன் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற மதிப்பீடுதான், சாதாரண வாசகருக்கு நேர்மையான செய்தி. முதல் கணக்கில் அது 1 சதவீதத்திலிருந்து 52 சதவீதம் வரை நீள்கிறது. ஆகவே இப்படி எழுதியிருக்கலாம்: "தடுப்பூசி தொற்றைக் குறைத்திருக்கலாம் என்பதற்குச் சுமாரான ஆதாரம் கிடைத்துள்ளது. குறைவு மிகச் சிறியதாகவும் இருக்கலாம், பாதியளவாகவும் இருக்கலாம். மறுபடி சோதிக்க வேண்டும்."

மறுபடி சோதிக்கவும் செய்தார்கள். தென்னாப்பிரிக்காவில் பரவும் வைரஸ் வகைக்கு ஏற்ப ஊசியை மாற்றியமைத்து, 5,400 பேருக்கு மேல் வைத்து அங்கே ஆய்வு நடந்தது. இடைக்காலக் கணக்கில் தடுப்பூசிக் குழுவில் 129 தொற்றுகள், போலி ஊசிக் குழுவில் 123. 2020 தொடக்கத்தில் ஊசி போடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஊசியும் வைரஸ் வகையும் வேறு என்பதால், தாய்லாந்து முடிவு பொய் என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.