வளைகாப்புக்குப் பிறகு ஏறும் பிபி

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். கர்ப்பகால ரத்த அழுத்தம் பெரும்பாலும் தலைகாட்டுவதும் இதே மாதங்களில்தான். அதுவரை பார்த்த மருத்துவர் ஓர் ஊரில், பிரசவம் பார்க்கப்போகிறவர் வேறோர் ஊரில். புது இடத்தில் 130/86 என்று அளவு வருகிறது. பழைய பரிசோதனை அட்டை கையில் இல்லாவிட்டால் அது சாதாரணமாகத்தான் தெரியும். மூன்றாம் மாதத்தில் அதே பெண்ணுக்கு 96/60 இருந்தது என்று தெரிந்தால், யாரும் அவரை ஒரு மாதம் கழித்து வரச் சொல்ல மாட்டார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு வேண்டும் என்று பிக்மி எண்ணை (அரசின் கர்ப்பப் பதிவு எண்) பத்திரமாகக் குறித்துக்கொள்ளும் வீடுகள்கூட, பிபி எழுதிய பக்கத்தை மாமியார் வீட்டு அலமாரியிலேயே விட்டுவிடுகின்றன.

20 வாரத்துக்கு முன்பே 140/90 இருந்தால், அது பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே உள்ள பிபி. 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக, குறைந்தது 4 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை அந்த அளவைத் தொட்டால் கர்ப்பகால ரத்த அழுத்தம். மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று தொட்டாலே போதும். அதோடு சிறுநீரில் புரதம் போனாலோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் பாதிக்கப்பட்டாலோ அது ப்ரீஎக்லாம்ப்சியா. புரதம் போகாவிட்டால் பயமில்லை என்பது பழைய கணக்கு. இப்போது அப்படி விடுவதில்லை.

கோளாறின் வேர் நஞ்சில், அதாவது குழந்தையைத் தாயோடு இணைக்கும் பிளாசென்டாவில் இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில் கர்ப்பப்பைச் சுவரின் சுருள் ரத்தக்குழாய்கள் அகன்று நஞ்சுக்குத் தாராளமாக ரத்தம் விட வேண்டும். சிலருக்கு அவை குறுகலாகவே நின்றுவிடும். ரத்தம் போதாத நஞ்சு வெளியிடும் சில புரதங்கள் தாயின் ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. பிபி ஏறுவதும் உடல் வீங்குவதும் அதனால்தான். குழந்தையின் எடை கூடாமல் நிற்பதும் அந்த ரத்தக் குறைவால்தான். ஆகவே "சும்மா எதையாவது யோசிச்சிட்டே இருக்கா, அதான் பிரஷர்" என்று அந்தப் பெண்மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. வளைகாப்புச் சித்ரான்னத்தோடு நாலு அப்பளம் தின்றதாலும் இது வருவதில்லை. உப்பை அடியோடு நிறுத்தினாலும் இதைத் தடுக்க முடியாது.

வீட்டில் பிபி பார்ப்பவர்கள் செய்கிற தவறுகள் கொஞ்சநஞ்சம் அல்ல. மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு, நைட்டிக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே பார்த்தால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் உட்கார வேண்டும். காபி, டீ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள். பட்டையின் கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி பார்த்து இரண்டையும் எழுதுங்கள். மேல்கைச் சுற்றளவு 32 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய பட்டை வேண்டும். சின்னதைச் சுற்றினால் இல்லாத பிபியைக் காட்டும். மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்று மருத்துவமனையிலேயே நடக்கும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கும் பெண்ணின் வலக்கையில், அதாவது மேலே இருக்கும் கையில் பார்ப்பது. அந்தக் கை இதயத்துக்கு மேலே இருப்பதால் உண்மையைவிடச் சுமார் 10 குறைத்துக் காட்டும். 146/94 உள்ளவர் 136/84 ஆகிவிடுவார். உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. அட்டையில் எல்லா மாதமும் 110/70, 120/80 என்று பூஜ்யத்தில் முடியும் எண்களாகவே இருந்தால், அளந்தவர் அவசரத்தில் இருந்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

மாலையில் கால் வீங்குவது நிறையப் பேருக்கு உண்டு, அது மட்டும் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. முகம் உப்பி, காலையில் மோதிரம் கழற்ற வராமல், ஒரே வாரத்தில் 1 கிலோவுக்கு மேல் எடை ஏறினால் அன்றே பிபி பாருங்கள். விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, பார்வை மங்குவது, மூச்சுத்திணறல், குழந்தை அசைவு குறைவது ஆகியவற்றுக்கும் அதேதான். அதிகம் ஏமாற்றுவது நெஞ்சுக்குழி வலி. வாயு என்று ஓமத் தண்ணீரும் ஜெலுசிலும் கொடுத்து இரவைக் கழித்துவிடுவார்கள். வலது விலாவுக்குக் கீழே கல்லீரல் வீங்கி அதன் உறை இழுபடும் வலியாக அது இருக்கலாம். எட்டாம் மாதத்தில் வாயு என்று முடிவுகட்டும் முன் பிபி பார்த்தாக வேண்டும். 160/110 வந்தால் 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். குறையாவிட்டால் காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பிபி ஏறி வலிப்பு வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் கரண்டியோ கையில் சாவிக்கொத்தோ திணிக்கக் கூடாது. வலிப்பைத் தடுக்கும் மருந்து மெக்னீசியம் சல்பேட். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிட்டத்துக்கு 5 கிராம் வீதம் முதல் தவணையைப் போட்டுவிட்டுத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

மாத்திரைகளில் லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா மூன்றும் கர்ப்பத்தில் பழகியவை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு லேபெட்டலால் ஒத்துவராது. முன்பே டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் போன்றவை சாப்பிடுகிறவர்கள் கர்ப்பம் என்று தெரிந்தவுடன், முடிந்தால் அதற்கு முன்பே, மருத்துவரிடம் சொல்லி மாற்ற வேண்டும். அவை குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாத்திரை பிபியைத்தான் பிடித்து வைக்கும், நோய் தீர நஞ்சு வெளியே வர வேண்டும். அதனால்தான் தீவிரமில்லாத ப்ரீஎக்லாம்ப்சியாவிலும் 37 வாரம் ஆனதும் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள்.

குழந்தை பிறந்த கையோடு எல்லாம் சரியாகிவிடாது. பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் பிபி உச்சத்தைத் தொடும். சுகப்பிரசவமானவர்கள் அப்போது வீட்டில் இருப்பார்கள், பார்க்க வந்த கூட்டத்தில் மாத்திரை மறந்துபோகும். சிசேரியன் ஆனவருக்குத் தலை வலித்தால் "முதுகில் போட்ட ஊசிதான்" என்பார்கள். அந்த ஊசியின் தலைவலி உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். படுத்தும் குறையாத தலைவலிக்கு உடனே பிபி பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் கூடுகிற தலைவலிக்கும் ஒருமுறை பார்ப்பதில் நஷ்டமில்லை. வலிப்பு ஆறு வாரம் வரைகூட வரலாம். முதல் பத்து நாள் தினமும் பிபி பார்த்து எழுதுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எந்த வாரம் பிபி ஏறியது, எந்த வாரம் பிரசவம் ஆனது, குழந்தையின் எடை என்ன என்ற மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். ப்ரீஎக்லாம்ப்சியா வந்தவருக்கு அடுத்த கர்ப்பத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரின், 75 முதல் 150 மில்லிகிராம் வரை, இரவில் கொடுப்பார்கள். அதை 12-வது வாரம் வாக்கில், தாமதித்தாலும் 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் இருக்கும். முதல் பரிசோதனைக்கே அந்தத் தாளோடு போங்கள்.