கல்லட்டி ஏற்றத்தில் ஜீப்பும் எம்.ஜி.யும்

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறினால் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் 1940-களில் செய்த ஒரு பழைய வில்லிஸ் ஜீப்பையும், அதே 1940-களில் இங்கிலாந்தில் செய்த எம்.ஜி. டி.சி. ஸ்போர்ட்ஸ் காரையும் விட்டுப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஜீப்புக்கு 60 குதிரைத்திறன், எம்.ஜி.க்கு 54. எடையில் எம்.ஜி. இருநூறு கிலோவுக்கு மேல் குறைவு. அப்படியென்றால் எம்.ஜி.தானே சுலபமாக ஏற வேண்டும்? தார் ரோட்டில் சரி. மழையில் கரைந்த எஸ்டேட் பாதையில் கதையே வேறு.

எம்.ஜி.யின் 1,250 சிசி என்ஜின் முழுத் திறனைக் காட்ட நிமிடத்துக்கு 5,200 சுற்று சுற்ற வேண்டும். ஜீப்பின் 2,199 சிசி என்ஜினோ 2,000 சுற்றிலேயே முழு இழுவையையும் தந்துவிடும்: சுமார் 142 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் விசை. எம்.ஜி.யின் உச்சமே 87 தான். அப்புறம் கியர். ஜீப்பில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பல்சக்கரப் பெட்டி உண்டு. அதை 'லோ'வில் தள்ளி முதல் கியரைப் போட்டால், என்ஜின் கிட்டத்தட்ட 26 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். எம்.ஜி.யின் முதல் கியரில் இது 17. முறுக்குவிசையை இந்த எண்ணால் பெருக்கிப் பார்த்தால், சக்கரத்துக்கு வந்துசேரும் முறுக்கு ஜீப்பில் இரண்டு மடங்குக்கும் மேல். அதையும் நான்கு சக்கரங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. தேயிலை மூட்டை ஏற்றிய ஜீப் ஆள் நடக்கும் வேகத்தில் சேற்றில் ஊர்ந்து வருவது இதனால்தான். சேற்று இறக்கத்திலும் அதே 'லோ'வில் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை அதிகம் தொட வேண்டியதில்லை.

தார் ரோட்டு வளைவில் இந்த வசதி உதவாது. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. ஜீப்பில் முன்னச்சையும் பின்னச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு நடுவில் கிடையாது. சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்காது, ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும், பல்சக்கரங்கள் இறுகும். அதனால் முன்னச்சுக்குப் போகும் இழுவையை லீவரால் துண்டித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். முன்னச்சு சேராமல் வில்லிஸில் 'லோ' விழாது. ஆக, தார் இறக்கத்தில் இரண்டு வண்டிக்கும் சின்ன கியர்தான் துணை. இரண்டிலும் டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும்.

வளைவில் எம்.ஜி. தருவது தனி சுகம். இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் ஜீப்பைவிடக் குறைவுதான், 45 அங்குலம், ஜீப்புக்கு 49. ஆனாலும் என்ஜினும் ஆளும் தரையை ஒட்டி இருப்பதால் வண்டி அவ்வளவாகச் சாயாது. கோத்தகிரி ரோட்டுக்கு நான் இதைத்தான் கேட்பேன்.

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். கடல்மட்டத்தைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றில் பெட்ரோலைக் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோலை அதற்கேற்பக் குறைக்காது. கலவையில் பெட்ரோல் மிகுந்து பிளக் கறுக்கும், திறன் குறையும். ஜீப் இந்த இழப்பைக் கியரால் சமாளித்துவிடும். எம்.ஜி.யில் எஸ்.யு. என்ற வகைக் கார்புரேட்டர்கள் இரண்டின் அடியிலும் உள்ள, பெட்ரோல் வரும் துளையை ஏற்றி இறக்கும் ஜெட் நட்டைக் கொஞ்சம் மேலே திருகினால் பெட்ரோல் குறையும். மேட்டுப்பாளையம் இறங்கியதும் பழையபடி கீழே திருகிவிட வேண்டும். இல்லையென்றால் சமவெளியில் என்ஜின் சூடேறும்.